மாளிகைமேட்டுச் செங்கல்

கேசேர் என்றொரு நகரம் இருந்தது. இம்மலரைப் புரட்டும் நண்பர்களில் எத்தனை பேர் அப்பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள் என்று தெரியவில்லை. சென்ற ஆண்டுவரை நானும் கேட்டதில்லை. விடுதியில் என் அறைத்தோழர் இரவு படுக்கப்போகுமுன் விவிலியத்தில் ஓர் அதிகாரம் படிப்பது வழக்கம். ஒருநாள் மின்வெட்டு நேரத்தில் மெழுகுவத்தியை ஏற்றிவைத்துக்கொண்டு எனக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தார். எகிப்து நாட்டுப் பார்வோன் படையெடுத்து வந்து கேசேரைப் பிடித்தான், அதற்குத் தீயிட்டான், அங்கே குடியிருந்த கானானியரைக் கொன்றான், பிறகு அந்த ஊரைத் தன் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தான். முதலாம் இராஜாக்கள் நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில் வரும் செய்தி இது. அம்மகளை மணந்தவன் சாலொமோன். எரித்த ஊரைச் சீதனம் தந்த மாமனாரை எண்ணி நாங்கள் இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்தபின், “இந்த ஊர் இப்போது எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

நான் இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவன். ஆய்வாளன் அல்லன். ஆயினும் கேட்ட கேள்வி உறங்கவிடவில்லை. நூலகத்தில் கிடைத்தவற்றையும், பேராசிரியர் ஒருவர் அன்புடன் தந்து உதவியவற்றையும் படித்தபோது அந்தக் கானானிய ஊர் கிடைத்த கதை விளங்கிற்று. அது நம் மாவட்டத்து ஊர் ஒன்றின் கதையையும், என் தாய்வழிப் பாட்டியார் வீட்டு மாட்டுக்கொட்டகையின் கதையையும் எனக்கு நினைவூட்டியதால்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

கேசேர் வேதத்தில் மட்டும் வருகின்ற பெயரன்று. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அந்நகரத் தலைவர்கள் எகிப்து மன்னனுக்கு எழுதிய களிமண் ஓலைகள் கிடைத்திருக்கின்றன. கி.மு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெர்னெப்தா என்ற பார்வோன் நாட்டிய வெற்றிக் கல்லிலும் அப்பெயர் உண்டு. இத்தனை சான்றுகள் இருந்தும், ஊர் இருந்த இடம் மட்டும் யாருக்கும் தெரியாமல் போயிற்று. 19ஆம் நூற்றாண்டில் எருசலேமிலிருந்த பிரெஞ்சுத் தூதரகத்தில் பணியாற்றிய கிளெர்மோன்–கன்னோ என்ற அறிஞர், முஜீர் அத்–தீன் என்ற அரபு வரலாற்றாசிரியர் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய நூலைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு சிறு சண்டையைப் பற்றிச் சொல்லும்போது போகிற போக்கில் ‘தெல் ஜசர்’ என்ற இடப்பெயர் வந்தது. தெல் என்றால் மேடு. ஜசர் என்பது கேசேர்தானோ என்று அவர் ஐயுற்றார். எருசலேமுக்கும் கடற்கரைக்கும் ஏறத்தாழ நடுவில், உழவர்கள் அதே பெயரால் அழைத்துவந்த ஒரு மேட்டை 1871இல் கண்டார். புத்தகத்தில் தொலைந்த ஊர் குடியானவர் நாவில் இருந்தது!

அவர் சொன்னதை எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 1874இல் அம்மேட்டுக்கு அருகே, தரையோடு தரையாகக் கிடந்த பாறையில் பொறித்த எழுத்துகள் அவருக்குக் கிடைத்தன. எபிரேய எழுத்தில் ‘கேசேரின் எல்லை’ என்றும், கிரேக்க எழுத்தில் ஓர் ஆளின் பெயரும் அதில் இருந்தன. அதன்பின் வாதம் ஓய்ந்தது. நண்பர்கள் இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த எழுத்து பெயர்த்தெடுத்துப் போகக்கூடிய பலகைக்கல்லில் இருந்திருந்தால், எங்கிருந்தோ வந்த கல் என்று எதிர்வாதம் செய்திருப்பார்கள். வெட்டியவன் வெட்டிய இடத்திலேயே, அசையாத பாறையில் அது இருந்தது. ஆகவே ‘கேசேர்’ என்ற சொல்லோடு ‘இங்கே’ என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லிற்று. என் மனத்தில் ஊன்றிய செய்தி இதுதான். எஞ்சியவை எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

இனி நம் ஊருக்கு வருவோம்.

என் சொந்த ஊர் ஆலத்தியூர். எங்கள் பக்கத்து மண்ணைச் சொல்ல வேண்டுமானால் சுண்ணாம்புக்கல் என்ற ஒரு சொல் போதும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாயிருந்த நிலம் இது. இன்றும் கல்லுக்குள் சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடப்பதைச் சிறுவர்கள் பொறுக்கி விளையாடுவார்கள். அக்கல்லை வெட்டிச் சிமெண்டு ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளில் ஒன்றை ஓட்டுபவர் என் தந்தையார். என் தாயாரின் பிறந்தகம் செயங்கொண்டத்துக்கு அப்பால், கங்கைகொண்டசோழபுரத்தை அடுத்துள்ள சிற்றூர். விடுமுறை விட்டால் அரியலூர் சென்று பேருந்து மாறி, செயங்கொண்டம் சென்று மீண்டும் மாறி, முற்பகலுக்குள் ஆயா வீட்டுக்குப் போய்விடுவோம். (தாயின் தாயாரை எங்கள் பக்கம் ஆயா என்போம்.)

கங்கைகொண்டசோழபுரத்துப் பெரிய கோயிலை அறியாதார் இலர். 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பின் வெளிநாட்டாரும் வருகிறார்கள். ஆடித் திருவாதிரை விழாவன்று நிற்க இடம் இராது. கருவூர்த்தேவர் திருவிசைப்பாவில் பாடிய கோயில் அது. அதைப்பற்றி எழுத என்னைவிடத் தகுதியுடையோர் பலர் உளர். நான் சொல்லப்புகுவது கோயிலைச் சுற்றியிருந்த நகரத்தைப் பற்றி. முதலாம் இராசேந்திரன் கங்கைப் பகுதி வரை தன் படையைச் செலுத்தி, அந்த வெற்றிக்கு அடையாளமாக 1025 வாக்கில் இந்நகரை அமைத்தான். அவன் தந்தை காலத்துத் தலைநகரான தஞ்சை பின்தங்க, இதுவே சோழப் பேரரசின் தலைநகராயிற்று. சோழர் ஆட்சி முடிவுற்ற 1279 வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள் அந்நிலை நீடித்தது. கடாரத்துக்குக் கப்பற்படை போனபோதும், சீனத்துக்குத் தூது போனபோதும், அரசன் வீற்றிருந்த ஊர் இதுதான். சென்னை தலைநகரான கதை நமக்கெல்லாம் பெரிதாகத் தெரிகிறது. இந்த ஊர் அதன் காலத்தில் அப்படி இருந்தது.

அந்த நகரம் எங்கே? கோயிலின் வாயிலில் நின்று நாற்புறமும் பார்த்தால் முந்திரித் தோப்பும், சோளக்கொல்லையும், கருவேலமும், சாலையோரத்துத் தேநீர்க்கடைகளும் தெரிகின்றன. மாடத்தையோ மதிலையோ காணோம்.

கல்வெட்டுகளில் மட்டும் அந்நகரம் முழுமையாக இருக்கிறது. சோழகேரளன் திருமாளிகை என்ற அரண்மனையின் பெயர் வருகிறது. வீரராசேந்திரன் (1063–1070) அதில் வீற்றிருந்தான். கங்கைகொண்டசோழன் மாளிகை என்று ஒன்று வருகிறது. இராசராசன் பெருவழி, இராசேந்திரன் பெருவழி என்று சாலைகள் வருகின்றன. மதில்களுக்கும் வாயில்களுக்கும் பெயர்கள் உண்டு. கங்கைநீரைக் கொண்டுவந்து ஊற்றி, ‘நீராலான வெற்றித்தூண்’ என்று போற்றிய சோழகங்கம் என்ற ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. இன்று அதற்குப் பொன்னேரி என்று பெயர். முகவரி எல்லாம் சரியாக இருக்கிறது, வீடுகளைத்தான் காணவில்லை.

முகவரியில் ஒரு பகுதி ஊர்ப்பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோயிலைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், வானதிரையன்பட்டினம், கடாரங்கொண்டான், வீரசோழபுரம். நான் சிறுவயது முதல் இந்தப் பெயர்களைப் பேருந்து நடத்துநர் கூவக் கேட்டிருக்கிறேன். “ஆயுதக்களம் எறங்கு” என்பார். அதற்குப் பொருள் உண்டென்று எனக்குத் தோன்றியதே இல்லை. மெய்க்காவலர் என்றால் அரசனின் உடலைக் காப்போர். அவர்கள் குடியிருந்த புதிய ஊர் மெய்க்காவல்புத்தூராக இருக்கலாம். சுண்ணாம்புக்குழி என்றும் ஒரு சிற்றூர் அங்கு உண்டு. சுண்ணாம்புக்கல் நாட்டிலிருந்து போகின்ற எனக்கு அப்பெயரில் தனிப்பட்ட விருப்பம். தெல் ஜசர் என்ற பெயரை அந்நாட்டு உழவர் காத்தது போல, நம் பக்கத்து உழவரும் நடத்துநரும் காத்துவந்த பெயர்கள் இவை. பெயரை யாரும் தோண்டி எடுத்து வண்டியில் ஏற்றிப்போக முடியாதல்லவா?

மாளிகைமேடு கோயிலுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில், உட்கோட்டையை ஒட்டி இருக்கிறது. 1980–81இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கு அகழாய்வைத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டில் மேலும் சில பருவங்கள் தோண்டினார்கள். நெடுநாள் இடைவெளிக்குப் பின் 2021இல் மீண்டும் தொடங்கினார்கள். சுட்ட செங்கல்லால் கட்டிய அரண்மனைச் சுவர்களின் அடிப்பகுதி வெளிப்பட்டது. கருங்கல்லால் ஆன தூண்பீடங்கள் கிடைத்தன. ஆனால் தூண்கள் இல்லை. அவை மரத்தால் ஆனவை என்பதால் மட்கிப் போயின. இரும்பு ஆணிகளும், கூரையில் பாவிய சிறு ஓடுகளும், சீனத்துப் பீங்கான் உடைசல்களும் வந்தன. ஒரு சாதாரண வியாழக்கிழமை நான் அங்கே போயிருந்தேன். கூரை வேய்ந்து பாதுகாத்த பகுதியில் சுவர்கள் முழங்கால் உயரத்துக்கு நிற்கின்றன. ஒரு நாயைத் தவிர வேறு பார்வையாளர் இல்லை. நான் தனியே நின்று, இங்கேதான் வாயிலோ, இங்கேதான் உள்கட்டோ என்று எண்ணிக்கொண்டேன்.

அரண்மனை போனதற்கும் கோயில் நின்றதற்கும் முதற்காரணம் எளிது. நம் முன்னோர் கருங்கல்லை இறைவனுக்கு என்று ஒதுக்கினர். அரசனேயானாலும் மனிதன் குடியிருப்பது செங்கல்லும் மரமும்தான். ஆகவே தமிழகத்தில் எங்கு சென்றாலும் ஆயிரம் ஆண்டுக் கோயில் கிடைக்கும். ஆயிரம் ஆண்டு வீடு கிடைக்காது.

ஆனால் என்னை வியக்க வைத்தது வேறொன்று. கேசேர் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஊர். அதன் வீடுகளில் பெரும்பாலானவை கருங்கல்லும் அல்ல, சுட்ட செங்கல்லும் அல்ல; வெயிலில் காயவைத்த பச்சை மண்கல். அந்த மண்வீடுகளின் எச்சம் குன்று போல் எழுந்து நிற்கிறது. 1902 முதல் 1909 வரை மெக்காலிஸ்டர் என்பவர் அதைத் தோண்டியபோது ஊரின்மேல் ஊராக அடுக்கடுக்காக வந்ததாம். நம் சோழ நகரமோ அதில் மூன்றில் ஒரு பங்கு வயதே உடையது. உறுதியான சுட்ட செங்கல்லால் ஆனது. அது முழங்கால் உயரத்துக்குத் தேய்ந்துவிட்டது. உறுதியானது அழிந்து, நொய்தானது நிலைத்தது எப்படி?

விடை மண்ணிலேயே இருக்கிறது. பச்சை மண்கல் வீடு இடிந்தால் அக்கல்லை யாரும் எடுத்துச் செல்ல மாட்டார்கள். மழையில் கரைந்த கட்டி எதற்குப் பயன்படும்? அதை அப்படியே நிரவி, அதன்மேல் புதுவீடு கட்டுவார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஊர் ஒரு முழம் உயரும். இப்படித்தான் தெல் உண்டாகிறது. சுட்ட செங்கல்லோ ஆயிரம் ஆண்டானாலும் செங்கல்தான். அதைத் தோண்டி எடுத்தவனுக்குச் சூளைச் செலவு மிச்சம். கங்கைகொண்டசோழபுரத்துச் செங்கல் நன்றாக இருந்தது. அதுவே அதற்குப் பகையாயிற்று. கேசேர் நின்ற இடத்திலேயே கரைந்தது. நம் நகரம் கலைந்து சுற்றுவட்டார வீடுகளுக்குள் போய்விட்டது.

கல்லுக்கும் இதே கதி நேர்ந்ததுண்டு. 1836இல் ஆங்கில அரசு அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டியபோது, அருகில் கருங்கல் தேடினார்கள். கோயிலின் திருமதில் கண்ணில் பட்டது. பெரும்பகுதியைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். ஊர்மக்கள் தடுத்தார்கள் என்றும், தடுத்தவர்கள் தண்டிக்கப்பட்டார்கள் என்றும், கல்மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கு நிறைவேற்றப்படவில்லை என்றும் 1855இல் ஓர் ஆங்கிலேயரே வருந்தி எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்குச் சினம் பொங்கிற்று. சினம் ஆறியபின் வேறொரு நினைவும் வந்தது. அந்தக் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கு நீர் போகிறது. வீராணத்திலிருந்து 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் போகிறது. என் அத்தை மகன் சென்னையில் குடிக்கும் நீரை இராசேந்திரன் கட்டிய மதிற்கல் தடுத்துத் திருப்பிவிடுகிறது என்றால் அதை முற்றிலும் அழிவு என்று சொல்லிவிட முடியுமா? மதில் நின்ற கோடு இதுதான் என்று எவரேனும் அன்று ஓர் அளவுப்படம் வரைந்து வைத்திருந்தால் என் மனம் ஓரளவு அமைதி அடைந்திருக்கும். வடக்கேயும் இப்படியே. 1850களில் இலாகூர்–முல்தான் இருப்புப்பாதை போட்டபோது ஆரப்பா நகரத்துச் செங்கல்லை வண்டி வண்டியாய் உடைத்துத் தண்டவாளத்தின் அடியில் கொட்டினார்கள். நாலாயிரம் ஆண்டுக் கல் என்று அவர்களுக்கு அன்று தெரியாது.

ஆங்கிலேயரைச் சொல்லிவிட்டு என் வீட்டைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

ஆயா வீட்டின் மாட்டுக்கொட்டகைப் பின்சுவரும், கிணற்றடித் துவைக்கும் மேடையும் இன்றைய சூளைக் கல்லால் கட்டியவை அல்ல. அகலமும் நீளமும் மிகுந்து, தடிமன் குறைந்த கற்கள். அடை போல் இருக்கும். சிறுவயதில் அவற்றின்மேல் ஏறிக் குதித்திருக்கிறேன். மாளிகைமேட்டுக் குழியில் நின்றபோதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. குழிக்குள் இருந்ததும் அதே கல். மாட்டுக்கொட்டகையில் இருந்ததும் அதே கல்.

என் தாத்தா கட்டிய சுவர் அது. அவர் காலமாகி நெடுநாளாயிற்று. அவரைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை. ஏர் ஓட்டும்போது கொழுமுனையில் கல் இடித்தது, தோண்டினார், வரிசையாக வந்தது, வண்டியில் ஏற்றினார். அந்த வட்டாரத்தில் அந்நாளில் பல குடும்பங்கள் செய்ததுதான். சூளைக் கல் வாங்கப் பணம் இல்லாதவர், நிலத்தில் கிடைத்த கல்லை வேண்டாம் என்பாரா?

சென்ற தை மாதம் மாமா அந்தக் கொட்டகையை இடிப்பதாகச் செய்தி வந்தது. அரசு வீட்டுத் திட்டத்தில் அவருக்கு வீடு ஒதுக்கப்பட்டிருந்தது. கொட்டகை இருந்த இடத்தில் தளம் போட வேண்டும். பழைய கல்லை உடைத்து அடித்தளத்தில் நிரப்பிவிடலாம் என்று கொத்தனார் சொல்லியிருந்தார். நான் அடுத்த பேருந்தைப் பிடித்தேன்.

“மாமா, அதை உடைக்க வேண்டாம். அது அரண்மனைக் கல்லு” என்றேன்.

மாமா சிரிக்கவில்லை. “தெரியும் மாப்ள. எங்க அப்பாவே சொல்லும். அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்ற?”

“கோயில்கிட்ட அருங்காட்சியகம் இருக்கு. ஒரு கடுதாசி எழுதுவோம். வந்து பாக்கட்டும்.”

“வந்து பாப்பாங்க. பாத்துட்டு, இங்க கட்டாத, அங்க தோண்டாதன்னு ஒரு காயிதம் ஒட்டிட்டுப் போவாங்க. மொதத் தவணைப் பணம் வந்தாச்சு. மழைக்குள்ள தளம் போடலன்னா அடுத்த தவணை வராது. நீ படிச்சவன், நீயே சொல்லு.”

என்னிடம் விடை இல்லை. அவர் அச்சம் முற்றிலும் பொய்யன்று. மத்திய அரசு காக்கும் நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டவேண்டும் என்பது சட்டம். மாமா வீடு அந்த எல்லைகளுக்கு வெகு தொலைவில் இருக்கிறது. எனினும் எல்லையின் அளவு தெரியாதவனுக்கு அச்சத்துக்கு அளவேது? சட்டத்தை அவருக்குத் தாளில் வரைந்து காட்டினேன். பாதி நம்பினார்.

நான் கேட்டதும் உண்மையில் எவ்வளவு பொருளுடையது என்று அன்றிரவு திண்ணையில் படுத்துக்கொண்டு யோசித்தேன். கொட்டகைச் சுவரில் இருக்கும் கல்லை அருங்காட்சியகம் எடுத்துச்சென்று என்ன செய்யும்? அதைப்போன்ற கல் அவர்களிடம் ஆயிரக்கணக்கில் இருக்கும். கேசேர்ப் பாறையின் நினைவு வந்தது. அது பேசியதற்குக் காரணம் இடம் மாறாமல் இருந்ததுதான். இந்தக் கல் இடம் மாறிவிட்டது. ‘நான் சோழர் காலத்துக் கல்’ என்பதற்குமேல் அதனால் எதுவும் சொல்ல முடியாது. எந்தச் சுவரில் இருந்தது? மாளிகையா, மதிலா, வணிகர் வீடா? தாத்தா கல்லைத் திருடிவிட்டார் என்று நான் வருந்தியது தவறு. நாம் இழந்தது கல்லையன்று. கல் இருந்த இடத்தை.

அப்படியானால் அந்த இடம் யாருக்குத் தெரியும்?

காலையில் ஆயாவிடம் கேட்டேன். அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கண் மங்கல். கால் வீக்கம். “அந்தக் கல்லா? தெக்கால கொல்லையில எடுத்தது சாமி. நான்தான் கூடையில அள்ளிப்போட்டேன். ஒங்கம்மா அப்ப வயித்துல” என்றார். என் கைகால் ஓடவில்லை. பல்கலைக்கழகத்து நூலகம் எதிலும் இல்லாத செய்தியை, வெற்றிலை இடித்துக்கொண்டே சொன்னார். இடத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். மாமா தடுத்தார், ஆயா எழுந்துவிட்டார்.

இருவருமாகக் கைத்தாங்கலாக அழைத்துப்போனோம். கொல்லையில் இப்போது முந்திரி நிற்கிறது. ஒரு மரத்தடியில் நின்று ஆயா கைத்தடியால் கோடு காட்டினார். “இங்கேருந்து அந்தப் பனைமரம் வரைக்கும் ஒரே நேரா போச்சு. அங்க போயி மொடங்கிச்சு. அதுக்கு மேல கல்லு வரல. ஒங்க தாத்தா ஆளு ஒசரத்துக்குப் பள்ளம் எடுத்தாரு.”

“அவ்வளவு நேராப் போச்சுன்னு எப்படி ஆயா நிச்சயமாச் சொல்ற?”

“பள்ளத்தைத் தூத்துட்டு மறுவருசம் கம்பு வெதச்சோம். அந்த நீட்டுக்கு மட்டும் கம்பு ஒரு முழம் ஒசந்து நின்னுச்சே! ரெண்டு பக்கமும் வாடுனாலும் அது வாடாது. கயிறு புடிச்சாப்புல தெரியும். ஊரே வந்து பாத்துச்சு.”

அறிவியல் அறிந்த நண்பர்களுக்கு இதன் காரணம் விளங்கும். சுவரைப் பெயர்த்தெடுத்த பள்ளத்தில் நிரப்பிய மண் பொலபொலப்பானது, ஆழமானது. அதில் ஈரம் நிற்கும், வேர் இறங்கும். சுற்றிலுமுள்ள கெட்டி மண்ணில் வறட்சி வந்தால், பள்ளத்தின் நீளத்துக்குப் பயிர் மட்டும் பசுமையாகக் கோடு காட்டும். சுவர் எடுக்கப்படாமல் மண்ணுக்குள்ளேயே இருந்தால் இதற்கு நேர்மாறு. வேர் கல்லில் முட்டிப் பயிர் குறுகி மஞ்சளாகும். மேலைநாடுகளில் விமானத்திலிருந்து படம் பிடித்து இத்தகைய பயிர்க்கோடுகளால் புதைந்த ஊர்களைக் கண்டுபிடிக்கிறார்கள். எங்கள் ஆயா விமானம் ஏறியதில்லை. கம்பங்கொல்லை வரப்பில் நின்றே பார்த்துவிட்டார்.

கேசேரில் 1908இல் கிடைத்த ஒரு பொருளையும் இங்குச் சொல்லத் தோன்றுகிறது. உள்ளங்கை அளவு சுண்ணாம்புக்கல் பலகை. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டு பழமையானது. அதில் அரசன் பெயர் இல்லை, வெற்றி இல்லை. விதைக்கும் மாதம், பின்விதைப்பு மாதம், வாற்கோதுமை அறுக்கும் மாதம் என்று உழவு வேலைகளை மட்டும் ஒருவன் வரிசையாக எழுதியிருக்கிறான். தீயிட்டு எரித்த பார்வோனின் செய்தி வேதத்தில் ஒரே வரியில் முடிந்துவிட்டது. அந்த உழவனின் பட்டியலை இன்றும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள்.

அன்று பிற்பகல் மாமாவின் கொத்தனாரிடமிருந்து அளவு நாடாவை வாங்கிக்கொண்டேன். மாமா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். நான் கேட்காமலே வந்து பிடித்தார் என்பதைச் சொல்ல வேண்டும். முந்திரி மரத்திலிருந்து பனைமரம் வரை 41 மீட்டர் இருந்தது. பனைமரத்தருகே மேற்காகத் திரும்பிய பகுதி ஆயாவின் கணக்கில் ‘ரெண்டு வண்டி நீளம்’. திசைகாட்டி இல்லாததால் கைப்பேசியில் பார்த்துத் திசையைக் குறித்தேன். பழைய கணக்கு நோட்டின் நடுத்தாளில் வரைபடம் போட்டு, கிணறு, வரப்பு, பக்கத்துக் கொல்லைக்காரர் வேலி ஆகியவற்றைக் குறித்து, ஆயா சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி, கீழே அவர் கைரேகையை வாங்கினேன். எதற்கென்று கேட்டார். “நீங்க சொன்னதுன்னு தெரியணும் ஆயா” என்றேன். “நான் சொன்னா யாரு கேப்பா?” என்று சிரித்தார்.

கொட்டகை மறுநாள் இடிக்கப்பட்டது. கற்களை நான் எண்ணினேன். முழுக்கல் 213, உடைந்தவை எண்ணவில்லை. உடைந்தவை தளத்துக்குப் போயின. முழுக்கற்களை மாமா கிணற்றடியில் அடுக்கிவைத்து ஓலை போட்டு மூடியிருக்கிறார். புதுவீட்டுக்கு மதில் வைக்கும்வரை தொடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். மதில் வைக்க எப்படியும் இரண்டு ஆண்டாகும். அவற்றில் ஒரு கல்லின்மேல் ஆட்டுக்குட்டியின் குளம்பு பதிந்திருக்கிறது. ஈரக்கல்லைக் களத்தில் காயவைத்திருந்தபோது ஓடியிருக்க வேண்டும். ஆயா அதை மட்டும் உள்ளே எடுத்துவைத்துக்கொண்டார்.

வரைபடத்தின் படி ஒன்றை அருங்காட்சியகத்துக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். இன்னொரு படி நம் துறை நூலகத்தில் இருக்கிறது. உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம் பக்கத்திலிருந்து நம் கல்லூரிக்கு வரும் நண்பர்கள் பலர் உளர். அவர்கள் வீட்டிலும் அடை போன்ற கல் இருக்கலாம். அதை எந்தக் கொல்லையில் எடுத்தார்கள் என்று அறிந்த பெரியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்திருக்கலாம். விடுமுறைக்குப் போகும்போது நாடாவும் நோட்டும் வேண்டுவோர் என்னிடம் பெற்றுக்கொள்ளலாம். நோட்டில் இன்னும் 38 பக்கம் வெறுமையாக இருக்கிறது.